கேரம் ஹாலில் கேரம் பிடிக்காதவன்

கேரம் ஹாலில் வேலை என்றால் பலகையில் பவுடர் தூவுவதும், தூவிய பவுடரைத் துடைப்பதும், துடைத்த இடத்தில் மறுபடி தூவுவதும்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஹாலில் நான் இதை ஒரு வருஷத்துக்கு மேல் செய்தேன். எனக்குக் கேரம் பிடிக்காது. ஊரே தின்று ஏப்பம் விடுகிற பண்டம் உங்களுக்கு மட்டும் தொண்டையில் இறங்காமல் போனதுண்டா? எல்லாரும் விசிலடிக்கிற சினிமாவில் நீங்கள் மட்டும் கொட்டாவியை மென்றதுண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. வாருங்கள், தள்ளி உட்காருகிறேன்.

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஒரு நல்ல மனுஷனை நான் மாசக்கணக்கில் ஏமாற்றிய கதை. ஆனால் அதை இப்போது தரமாட்டேன். முதலிலேயே கொடுத்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். பிடிக்காத ஒன்றின் நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வேன்?

சேர்ந்த அன்று

எங்கள் வீட்டில் தறி. அப்பா சேலையின் உடலை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ள வேண்டும். உடலும் கரையும் சேருகிற இடத்தில் இழையோடு இழை கோத்து வாங்குவதற்குக் கோர்வை என்று பேர். கோர்வைக்கு உட்காருகிறவன் வாயைத் திறந்தால் இழை தப்பும். நானோ வாயால் வாழ்கிறவன். யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் எனக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அப்பா குரலில் அம்மாவைக் கூப்பிட்டு, அம்மா குரலில் அப்பாவுக்குப் பதில் சொல்ல, இரண்டு பேரும் வீட்டு நடுவில் வந்து ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெளியில் ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும். அந்த வேலை போனால் மறுபேச்சில்லாமல் தறிக்குத் திரும்ப வேண்டும்.

கேரம் ஹால் தணிகாசலம் அண்ணனுடையது. வேலை கேட்டுப் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்வி, கேரம் பிடிக்குமா என்று. கோயில் வாசலில் சாமியைப் பற்றிப் பேசும்போது சிலருக்குக் குரல் குழையுமே, அதை எடுத்து, உயிர் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் பெல்பாட்டத்தைப் பார்த்தார். பிறகு பவுடர் டப்பாவை எடுத்து, ஏதோ பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார்.

"சம்பளத்தக் கேக்காம உயிருன்னு சொன்ன மொத ஆளு நீதாம்பா."

வாய்க்கு லீவு

கோவிந்தசாமி மாகறல் பஸ்ஸின் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் அவர் குரலைக் கேட்க நான் வேலைமெனக்கெட்டுப் போய் நின்றிருக்கிறேன். மாகறல் என்பதை மூன்றாக மடித்து, கடைசி எழுத்தை விசிலோடு சேர்த்து விழுங்குவார். கிழவிகளிடம் ஒரு குரல், காலேஜ் பையன்களிடம் ஒரு குரல், படியில் தொங்குகிறவனிடம் மூக்கால் ஒரு குரல். ஒரே தொண்டையில் ஒரு தெரு குடியிருந்தது.

அந்த மனுஷன் ஹாலுக்குள் வந்து பலகை முன்னால் உட்கார்ந்தால் அத்தனை குரலும் செத்துவிடும். காய் விழாவிட்டால் 'ச்சு' என்பார். மளிகைக் கடைக்காரர், சொசைட்டி குமாஸ்தா, திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருகிற வாத்தியார், எல்லாருக்கும் அதே 'ச்சு'. வெளியில் ஒவ்வொருத்தர் வாயிலும் ஒவ்வொரு ஊர். உள்ளே எல்லாரும் ஒரே பல்லி. கேரம் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் இதுதான். காசு கொடுக்காமல் கேட்கலாம் என்று வந்தவனுக்குக் கச்சேரியே இல்லை.

பொறுக்காமல் ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன். பஸ்ஸில் அவ்வளவு அழகாகப் பேசுகிறவர் இங்கே ஏன் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. அவர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார். அடித்து முடித்த பிறகுதான் பதில் வந்தது. 

"காலைல இருந்து கத்திக்கினே இருக்கறேன். இங்கயாவது வாய்க்கு லீவு குடுடா."

சாயக்காரர் மருத்துவம்

நாகையா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அவர் விரல்கள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் அந்த வாரம் எந்தக் கடைக்கு என்ன ஆர்டர் என்று சொல்லிவிடலாம். அரக்கு வாரத்தில் அவர் ஆடினால் வெள்ளைக் காய்களும் வெட்கப்பட்ட மாதிரி ஆகிவிடும். துடைக்க வேண்டியது நான்.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை என்று. என்னைப் போன்றவர்களுக்கு இது பழகிய சங்கடமாக இருக்கும். பிடிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. காய்ச்சல்காரன் சாப்பாடு கசக்கிறது என்றால் சாப்பாட்டையா சந்தேகப்படுகிறார்கள்? நாகையா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, யாரிடம் தோற்றாய் என்று ரகசியமாகக் கேட்டார். தோற்கவில்லை என்றேன். கைவிரலில் வலியா என்றார். நன்றாக ஆடத் தெரிந்த ஒருத்தன்கூடப் பிடிக்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை. முழு மூச்சாக உழைத்துப் பலகையைக் காலிசெய்கிறார்கள், உடனே எல்லாக் காயையும் எடுத்துப் பழையபடி அடுக்குகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று விளக்கப் பார்த்தேன். அவர் இரக்கத்தோடு தலையாட்டினார்.

"நல்லா ஆடினா புடிக்கும் பாபு. ஒரே ஒரு ரெட்டு போடு, அப்புறம் வந்து சொல்லு."

தடுப்புக்கு அந்தப் பக்கம்

சிரிப்பு நெருங்குகிறது. இன்னும் வரவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஹால் காலியாக இருக்கும். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் அண்ணன் பாயில் படுத்திருப்பார். அந்த நேரத்தில் நான் பழக வேண்டும் என்பது அவர் ஆசை. உயிர் என்று சொன்னவன் எப்படி மாட்டேன் என்பது? ஸ்ட்ரைக்கரால் பெஞ்சு விளிம்பைத் தட்டுவேன். வலைக்குள் காய் விழும் சத்தத்தை நாக்கால் எழுப்புவேன். பலகையில் அடுக்கிய காய் அடுக்கியபடி இருக்கும். மடியில் ஒரு வாரப் பத்திரிகை.

தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது இரண்டு நாளில் சலித்துவிட்டது. மூன்றாம் நாள் கோவிந்தசாமியை எதிரில் உட்கார வைத்தேன். அதாவது அவர் 'ச்சு'வை. அப்புறம் நாகையா வந்து வேடிக்கை பார்த்தார். பாபு, பாபு என்று எனக்கு யோசனை சொன்னார். நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் மாகறல் பஸ் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று அண்ணன் யோசித்திருந்தால் அன்றே மாட்டியிருப்பேன். படுத்திருக்கிறவர்கள் பஸ் நேரம் பார்ப்பதில்லை. கோவிந்தசாமியிடமே அண்ணன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தோற்ற ஆளிடம் தோல்வியைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் ஹாலின் ஒரே சட்டம். அந்தச் சட்டத்துக்குள் நான் சொகுசாகக் குடியிருந்தேன்.

ஒருநாள் அண்ணன் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து என் தோளில் ஈரக் கையை வைத்தார். நான் பத்திரிகையின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"கோவிந்தசாமி வந்தா சிரிச்சிடாத. மனசு கஷ்டப்படுவான்."

எதிரில் உட்காரும் ஆள்

சின்ன காஞ்சிபுரத்திலும் ஒரு கேரம் ஹால் உண்டு. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஹாலுக்கும் ஜோடி ஆட்டம். வாசலில் இருக்கிற கரும்பலகையில் அண்ணன் தன் பேரை எழுதினார். அதற்குக் கீழே என் பேரை எழுதினார். சாக்பீஸை உடைக்காமல் நிதானமாக, துணையெழுத்துக்கெல்லாம் அழகாகச் சுழித்து எழுதினார்.

ஜோடி ஆட்டத்தில் ஜோடிகள் பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரெதிரே உட்காருவார்கள். அவருக்கு எதிரே பல வருஷம் உட்கார்ந்த சிநேகிதர் ஆரணிக்குக் குடிபோய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஜோடியாக வருகிறேன் என்று சொல்லியும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஜெயிப்பதற்கு ஆடுகிறவர்கள் வேண்டாம், ஆட்டத்துக்காக ஆடுகிற ஒருத்தன் போதும் என்று இருந்தாராம். இதையெல்லாம் ஸ்ட்ரைக்கரை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் ஏமாற்றியது தூங்குகிற ஒருத்தரை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் ஒருநாளும் தூங்கவில்லை. படுத்துக்கொண்டு என் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், தறிக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் அவர் முகம். சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா எதிர்ல பாத்தா செவுருதான் இருக்குது. இனிமே நீ இருப்பே."

கடைசிக் காய்

வியாழக்கிழமை மதியம். இன்றைக்கு ஆட்டத்தை முடித்துவிட்டு உள்ளே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். கடைசி ஆட்டம் என்பதால் கொஞ்சம் விமரிசையாகவே ஆடினேன். கோவிந்தசாமி திணறினார். நாகையா 'மெல்ல பாபு' என்றார். என் வெள்ளைக் காய்கள் ஒவ்வொன்றாக விழ, நாகையா குரல் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தது. ஒன்பதாவதும் விழுந்தது. சினிமாவில் கடைசியாகத்தானே கதாநாயகன் வருவான்? அதனால் சிவப்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நாக்கால் ஒரு நீண்ட சத்தம். சிவப்பும் வலைக்குள் போயிற்று. நாகையா குரலில், கோர்வை போட்டாச்சு, கோர்வை போட்டாச்சு என்று கூவினேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: சிவப்பைப் போட்டால் உடனே உங்கள் காய் ஒன்றையும் பின்னாலேயே போட வேண்டும். மற்ற ஊரில் இதை ஃபாலோ என்பார்கள். நெசவாளிகள் ஆடுகிற எங்கள் ஹாலில் கோர்வை என்போம். கரையை உடலோடு சேர்ப்பது மாதிரி, சிவப்பைச் சொந்தக் காயோடு சேர்ப்பது. சொந்தக் காயெல்லாம் முதலிலேயே தீர்ந்துபோனால் சிவப்பைச் சேர்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. பலகையை ஒருநாளாவது ஆசையாகப் பார்த்தவன் கனவில்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. அண்ணன் வந்து நின்றார். காலி நாற்காலியைப் பார்த்தார், என் மடியிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார், பூ மாதிரி அடுக்கியபடியே இருந்த காய்களைப் பார்த்தார். சிவப்பு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உடம்பே தீந்துபோச்சு. கோர்வைய எதுலடா கோத்தே?"

கோவிந்தசாமி வந்து போனாரா, நாகையா வந்து போனாரா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இத்தனை மாசமும் வந்ததில்லையா என்றார். அதற்கும் தலையாட்டினேன். பிறகு, எனக்குக் கேரம் பிடிக்காதுண்ணே என்றேன். குரல் கரகரவென்று யாருடையதோ மாதிரி இருந்தது. யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். எழுந்து வாசலுக்குப் போய், விரலை எச்சிலில் தொட்டு, கரும்பலகையில் என் பேரை மட்டும் நிதானமாக அழித்தார். திரும்பி வந்து, மேஜைமேல் இருந்த பவுடர் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"தோத்தவன்கிட்ட பேசக்கூடாது, அதான் ஹாலு சட்டம். நீயும் எங்கிட்ட பேசாத, போய்ப் பலகையத் தொடச்சு வை."

பிடிக்கவில்லை என்கிற ஒரு வார்த்தையை அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷமும் அடுத்தவர் குரல் இரண்டும் தேவைப்பட்டன என்றால், எங்களில் உண்மையாகவே ஏமாந்தது யார் என்று நம்ம கட்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.