சந்தனம் வைத்த டிரைவர் சிடி

எங்கள் பாட்டுக்குழு முதலாளிக்குப் பக்தி அதிகம், புத்தி அளவாகத்தான் இருந்தது. விளாங்குடியில் அவர் வைத்திருந்த ரெக்கார்டிங் அறையை ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்து, கீபோர்டு, மைக், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். ஒரு வருடம் அதோடு கை நிற்கவில்லை. சவுண்டு கார்டோடு வந்த, அந்தக் கார்டைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் மென்பொருள் இருக்கிற டிரைவர் சிடியை உறையிலிருந்து எடுத்தார். எழுத்து இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, பளபளவென்று இருக்கிற பக்கத்தில் சந்தனத்தை அப்பினார். அதுதான் முகம் என்று நினைத்துவிட்டார். மறுநாள் அதையே பழைய துணியால் அரக்கித் துடைத்து உள்ளே வைத்தார்.

தை மாதம் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டி வந்தது. கீறல் விழுந்த டிரைவர் சிடி ஓடவில்லை. டவுன்ஹால் ரோட்டில் எவரிடமோ வேறு டிரைவர் வாங்கிவந்து ஏற்றினார். சத்தம் வந்தது. சத்தம் வந்தால் அவருக்குப் போதும்.

அந்தக் குழுவில் நான் கோரஸ். முன்னால் நிற்கிறவள் மூச்சு வாங்குகிற இடத்தில் பின்னால் நின்று 'ஆ' சொல்கிற வேலை. அவளைவிட நான் நன்றாகப் பாடுவேன். தன்னடக்கமெல்லாம் முன்வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் அழகு. ஒரு கல்யாணத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, என்னைப் பாடவிட்டார்கள். அதைக் கேட்ட எழுமலை ரைஸ்மில்காரர், தன் குலசாமிக்குப் போடப் போகும் சிடியில் இந்தப் பிள்ளைதான் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலில் ஒரு பாட்டு மாதிரிக்கு. அது பிடித்தால் முழு சிடியும் என் குரலில், அட்டையில் என் பெயரோடு. அந்த அட்டையை நினைத்துக்கொண்டே எத்தனை நாள் சோறு தின்றேன் என்று எனக்கே தெரியாது.

என் சுருதி நாலரைக் கட்டை. அதற்குத் தகுந்தபடி இசையை மட்டும் சென்னையில் வாசிக்கவைத்து முதலாளி சிடியாக வாங்கிவந்திருந்தார். ஹெட்போனை மாட்டியதும் உடுக்கையும் தவிலும் வெறிநாய் துரத்தின மாதிரி ஓடின. சுருதியும் ஏறிக் கிடந்தது. ஓரத்தில் இருந்த ஆர்மோனியத்தை அமுக்கிப் பார்த்தேன். ஐந்து கட்டை வைத்தால் அதற்கு மேலே நிற்கிறது, ஐந்தரை வைத்தால் கீழே நிற்கிறது. எந்தக் கட்டையிலும் உட்காராத சுருதியில் எந்த மனுஷன் வாசிப்பான்? அதை அவரிடம் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது தாயி, மனுசந்தான் பண்ணுவான். பாடு."

பாடினேன். உச்சத்தில் தொண்டை கிழிந்தது. திரும்பத் திரும்பப் பாடவைத்தார். எச்சிலில் ரத்த ருசி தெரிந்த பிறகு, சரி போதும் என்று சிடியில் இறக்கினார்.

எழுமலைக்கு என்னையும் கூட்டிப்போனார். மில் வராந்தாவில் ரைஸ்மில்காரரின் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்தது. சிடியைப் போட்டார்கள். இசை இப்போது ஒழுங்கான வேகத்தில், ஒழுங்கான சுருதியில் வந்தது. அதன்மேல் கனமாக, இழுத்து இழுத்து ஒரு குரல். அது என் குரல் என்று எனக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வெற்றிலை போட்டிருந்த ஒரு அம்மா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

"பொம்பளப் பிள்ளையப் பாட வைக்கச் சொன்னா, சளி பிடிச்ச ஆம்பளையப் பாட வச்சிருக்கீக," என்றார் ரைஸ்மில்காரர்.

முதலாளி எனக்காக வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார். இந்தப் பிள்ளைக்கு அம்புட்டுத்தான் வரும், கே.கே. நகரில் நல்ல பிள்ளை ஒன்று இருக்கிறது, அதைப் பாட வைக்கிறேன் என்றார்.

அந்தப் பிள்ளை பாட வந்த அன்றைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று சவுண்டு கார்டு விற்ற கடைக்காரரை வரவழைத்திருந்தார். கோரஸுக்காக நானும் அங்கே நின்றேன். வந்தவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். சிடியில் வந்த இசை ஒரு நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டாக நறுக்கி வைத்தது. டவுன்ஹால் ரோட்டு டிரைவர் நாற்பத்தெட்டாயிரம் என்ற ஒரே கணக்கில்தான் ஓடும். அதனால் இந்த அறையில் எல்லாம் வேகமாக, மேல்சுருதியில் கேட்கும். அதைக் கேட்டுப் பாடினால் பாட்டும் அதே வேகத்தில் பதிவாகும். சிடியில் போட்டதும் இசை தன் பழைய இடத்துக்கு இறங்கிவிடும், பாடினவர் குரலும் கூடவே இறங்கித் தடித்துப்போகும். சரியான டிரைவரை ஏற்றிவிட்டுக் காபி குடித்துப் போனார்.

எழுமலையில் இதைச் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"என் மிசினு கோளாறுன்னு நானே சொன்னா நாளைக்கு எவன் வருவான்? ஒனக்கென்ன, கோரஸுதான் இருக்குல்ல," என்றார்.

சிடி வந்தது. நான் மாதிரிக்குப் பாடின அதே பாட்டில், கே.கே. நகர்ப் பெண் பாடும் ஒவ்வொரு பல்லவிக்கும் சாமியே பதில் சொல்வது மாதிரி கனத்த ஆண்குரல் ஒன்று வந்தது. என் பழைய பதிவை வெட்டி ஒட்டியிருந்தார். அட்டையில் அந்தக் குரலுக்கு நேராக அவருடைய மச்சினன் பெயர். ஊரெல்லாம் அந்த ஆண்குரலைப் பற்றித்தான் பேசியது.

அந்த வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் எங்கள் குழு பாடிய எழுமலை மேடையில் ரைஸ்மில்காரரே மைக்கைப் பிடித்து, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் முன்னால் வந்து பாட வேண்டும் என்றார். மச்சினன் மாலையோடு முன்னால் போய் நின்றான். அவனுக்குக் கொட்டாவிகூடச் சுருதியில் வராது. முதலாளி பின்வரிசைக்கு வந்து என் காதோரம் குனிந்தார். மேடையில் அவர் வேர்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பின்னாடி நின்னு கீழ்க்குரல்ல நீ எடுத்துக் குடு தாயி. அவன் வாயசைச்சுக்குவான்."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுண்ணே," என்றேன். "அவரையே பாடச் சொல்லுங்க."

வாயை இறுக மூடிக்கொண்டேன். மச்சினன் பாடினான். வெற்றிலை அம்மா முதல் வரிசையில்தான் இருந்தாள், அன்றைக்கும் அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். அவன் மாலையைக் கழற்றுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அதன்பிறகு எந்தக் குழுவும் என்னைக் கூப்பிடவில்லை. திமிர் பிடித்தவள் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டார். சில வருடம் கழித்து உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்த சிடி ஓடிக்கொண்டிருந்தது. என்ன கொரல்யா அந்த ஆளுக்கு, சாமியே பேசுற மாதிரி இருக்கு என்று டீ ஆற்றுகிறவர் யாரிடமோ சொன்னார். நான் பஸ்ஸை விட்டுவிட்டு, பாட்டு முடிகிறவரை அங்கேயே நின்றேன்.