கதவடியில் இருந்த பை

ஊரை விட்டு அகதியாய் வந்து குடியேறின நோர்பரியில், எங்கள் வீட்டு ஹோலில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். உக்ரைன் சண்டை துவங்கின நேரம், ரஷ்யாக்காரன் ரெண்டு மூண்டு நாளில் பிடித்துவிடுவான் என்றுதான் அதில் வந்த ஆட்கள் சொன்னார்கள். பிறகு டாங்கிகள் சேற்றில் புதைந்து நிற்பதைக் காட்டினார்கள். ஒரு விவசாயி அதில் ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவங்களுக்கோ அம்மா இவ்வளவு காலமும் முழு ஐரோப்பாவும் நடுங்கினது? டீசல் இல்லாத ஆமி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமியிட்ட இனி ஒண்டுமில்லை, முகாமை விட்டு வெளிய வர ஏலாது என்று எங்கட ஊரிலும் ஒரு காலம் சிரித்தவர்கள். அதை நம்பி, ஓடுவதற்குக் கட்டி வைத்த பையை நானும் அவிழ்த்தேன். ஷெல் விழத் துவங்கின காலை, கையில் அகப்பட்டதைத் திணித்துக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் மகனுக்குச் சப்பாத்தைப் போடப் பார்த்தால் கால் உள்ளே போகவில்லை. முந்தின வருசத்துச் சப்பாத்து. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தான். அவனுக்கு அது ஞாபகம் இல்லை.

மருமகள் லத்வியாக்காரி. ரஷ்யா எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன டவுனில் அவளின் தாய் தனிய இருக்கிறா. டாங்கிகள் சேற்றில் நின்ற பிறகுதான் மகனுக்கு அந்த யோசனை வந்தது. அங்கே போய் இருக்கலாம், வீடு மலிவு, கம்ப்யூட்டர் வேலையை எங்கே இருந்தும் செய்யலாம். மூன்று வயசுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு.

"ரஷ்யாக்காரன் இனி எழும்ப மாட்டான் அம்மா. அங்கத்தைய சனமே பயப்படேல்லை."

கொஞ்சக் காலத்தில் டிவிக்காரரின் கதை மாறிவிட்டது. அதே ஆட்கள்தான். ரஷ்யா திரும்பவும் பலமாகிறது, அடுத்ததாக ஐரோப்பாவுக்கு வரக்கூடும் என்று இப்போது சொன்னார்கள். மகன் சனலை மாற்றினானே தவிர மனதை மாற்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீடியோவில் வந்தா. அவவின் பாஷை எனக்குத் தெரியாது. கையைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றுவிடுவேன். அன்றைக்கு அவவுக்குப் பின்னால், கதவடியில் ஒரு முதுகுப் பையைக் கண்டேன். அதன்மேல் டோர்ச் லைட், பக்கத்தில் தண்ணிப் போத்தல். பயணம் போகிற பை அப்படி இராது.

"பிள்ளை, அந்தப் பையில என்ன எண்டு அம்மாவைக் கேள்," என்றேன்.

தாய் சொல்லச் சொல்ல மருமகளின் முகம் வெளிறியது. சண்டைக்கு முதலே கட்டின பையாம். டாங்கிகள் புதைந்த நேரம் தானும் சிரித்துக்கொண்டு அவிழ்த்தாவாம். இந்தக் குளிர்காலத்தில் திரும்பக் கட்டினாவாம்.

சம்பந்தி பையைத் தூக்கிவந்து திறந்தா. அடியிலிருந்து ஒரு சோடி சின்னச் சிவப்புச் சப்பாத்தை எடுத்துக் காட்டினா. பேத்திக்கு.

மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவவை இஞ்ச வரச் சொல்லு," என்றான் கடைசியில்.

மருமகள் கேட்டாள். தாய் மாட்டேன் என்று தலையாட்டினா. வீட்டை விட்டு வரமாட்டாவாம்.

"அம்மா தனிய, மாமி," என்று மருமகள் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அழுதாள். போகாதே என்று சொல்ல இவ்வளவு நாளும் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

"ஒரு அளவு பெரிசா வாங்கச் சொல்லு," என்றேன். "பிள்ளையின்ர கால் வளரும்."

தாயைத் தனிய விட ஏலாமல் ஈஸ்டருக்குப் பிறகு மூன்று பேரும் அங்கே போய்விட்டார்கள். இப்போது வீடியோ எடுத்தால் பேத்தியின் முகத்துக்கு முதல் கதவடியைத்தான் பார்க்கிறேன். போன கிழமை அங்கே பையைக் காணவில்லை.

"தம்பி, பை எங்க?"

மகன் போனைக் கீழே சாய்த்தான். பை அவனுடைய மடியில் திறந்து கிடந்தது.

"பிள்ளைக்குச் சப்பாத்து இறுக்கிப்போச்சு அம்மா. பெரிசு வாங்கினனான்."

சிரிக்காமல் சொன்னான்.