ஐஸ் லாரியில் வந்த குடும்பம்

வேலை மாற்றலாகிக் குவாஹாத்தி போவதைப் பற்றி நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தோம். "நான் வரமாட்டேன்" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது தெருவில் போன ஐஸ் லாரியின் ஈர மீன் வாசனை உள்ளே வந்தது.

என் சிறுவயதில் எண்ணூரிலிருந்து காலடிப்பேட்டைக்குக் குடிவந்தது அப்படியொரு லாரியில்தான். அப்பா ஓட்டினார். பின்னால் பாத்திர மூட்டைகள்மேல் என்னோடு உட்கார்ந்திருந்த அம்மா, ஊரை விட்டு வரும் துக்கத்தில் அழுதுகொண்டே வந்தாள். வழியில் லாரி நின்றதும் கூடையோடு ஒரு பெண் ஓடிவந்தாள்.

"இன்னா மீனு கீது?"

"மீனு இல்லக்கா, என் குடும்பந்தான் கீது!" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். புது வீடு வரும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

மகளிடம் இதைச் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டாள்.

"சரி நைனா, வர்றேன். ஆனா ரயில்ல ஜன்னல் சீட்டு எனக்குத்தான்!"