புகை இல்லாத ஆப்பக்கடை

"நாடியைக் கொஞ்சம் தூக்குங்க அக்கா. இன்னும். அப்படியே நில்லுங்க."

பொன்னம்மா ஆப்பச்சட்டி மூடியைப் பிடித்தபடி நாடியைத் தூக்கினாள். அவள் பக்கத்தில், சாக்கடை ஓரம், ஒரு முக்காலி. அதன்மேல் காகித ரோஜா வைத்த பூச்சாடி. இரண்டையும் படக்காரன் மாணிக்கவாசகம் தன் ஸ்டூடியோவிலிருந்து தூக்கி வந்திருந்தான்.

"ஆப்பம் கருகுது தவுக்கே. எனக்கென்ன மாப்பிள்ளையா பாக்குறீங்க?"

ஸ்டூடியோ முதலாளி என்பதால் அவன் அவளுக்குத் தவுக்கே. ஆப்பம் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. கலை என்று வந்துவிட்டால் அவன் சிரிப்பதில்லை.

காஜா பேராங் தெருவில் அவன் ஸ்டூடியோ உலக யுத்தம் முடிந்ததிலிருந்து நடக்கிறது. ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். ஊர் ஆண்கள் எல்லோரும் அந்த ஒரே கோட்டில்தான் படமெடுத்துக்கொண்டார்கள். ஒல்லியானவனுக்கு முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்குவான். பருத்தவனைக் கையைக் குறுக்கே வைக்கச் சொல்வான். பிறகு நெகட்டிவில் சுருக்கங்களைப் பென்சிலால் நிரப்புவான், வேர்வை மினுக்கத்தைச் சிறு கத்தியால் சுரண்டுவான். அவன் கையில் எந்த அம்மைத் தழும்பும் பிழைத்ததில்லை. ஊரில் பாதிப்பேருக்கு ஒரே முகம். அதற்காகவே அவர்கள் வந்தார்கள். அதை அவன் திறமை என்று நம்பினான்.

நாடு சுதந்திரம் பெறுவதைக் கொண்டாடத் தமிழர் சங்க மண்டபத்தில் படக் கண்காட்சி. முதலிடம் பெறும் படக்காரனுக்குத் திடலில் நடக்கும் சுதந்திர விழாவில் மேடைக்கு முன்னால் நின்று படமெடுக்க அனுமதி. மாணிக்கவாசகத்துக்கு அந்த இடம் வேண்டும். படங்களைத் தேர்ந்தெடுக்கும் சங்கச் செயலாளர் கலியாணசுந்தரம் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்:

"கோட்டுப் படமெல்லாம் வேணாம்பா. ஊர்ச் சனம், வேலை வெட்டி, அந்த மாதிரி. உன்னால ஆவுமா?"

ஆகும் என்று கிளம்பினான். பெக்காக்காரர் தன் சைக்கிள் ரிக்ஷாவில் ஏறாமல் அதன் பக்கத்தில் விறைத்து நின்றார். சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் குழந்தைபோல ஏந்தினார். மீன்காரர் முகைதீனுக்குப் பவுடர் பூசப்பட்டது. எல்லோரும் போலீஸ் பிடித்து நிறுத்தியவர்கள்போல இருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் காகித ரோஜா.

இப்போது பொன்னம்மா.

ஆப்பம் நிஜமாகவே கருகியது. அவள் படத்தை மறந்தாள். குனிந்து மூடியைத் திறந்தாள். புகை முகத்தில் அடித்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. "தள்ளுய்யா அந்தண்ட!" என்று கத்தி, முழங்கையால் பூச்சாடியைச் சாக்கடையில் தள்ளினாள். மாணிக்கவாசகம் சாடியைப் பார்க்கவில்லை. கேமரா பொத்தானை அழுத்தினான். யாரையும் கேட்காமல் அவன் அழுத்திய முதல் படம் அது.

இருட்டறையில், அவசரமாக ஈர நெகட்டிவிலிருந்தே எடுத்த சோதனைப் பிரதி மருந்துத் தட்டில் மெல்ல எழுந்தது. புகை, மூடிய கண், திறந்த வாய். இது தானெடுத்ததுதானா என்று குனிந்து பார்த்தான். பிறகு நெகட்டிவ் காய்ந்தது. உட்கார்ந்தான், பென்சிலும் கத்தியும் எடுத்தான். கை தன் வேலையைப் பார்த்தது. சுருக்கம் போயிற்று, வேர்வை போயிற்று. புகை அழுக்காகத் தெரிந்தது, அதையும் சுரண்டினான். சாயங்காலம் அச்சிட்டபோது அணைந்த அடுப்பருகே நல்ல நிறமான ஒருத்தி எதற்கோ கொட்டாவி விட்டாள். சோதனைப் பிரதியைத் தேடினான். அதை மருந்தில் நிலைப்படுத்தாமல் வெளிச்சத்தில் போட்டிருந்தான். முழுக்கக் கறுத்திருந்தது.

விடிந்ததும் ஆப்பக்கடைக்கு ஓடினான். இந்த முறை கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டான். பொன்னம்மா பட்டுப்புடவையில், தலைநிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

"அடுப்பைப் பத்த வைங்க அக்கா. நேத்து மாதிரி கத்துங்க."

"ஏன், மண்டபத்துலயும் நான் கரியோடதான் தொங்கணுமா? நீங்க கோட்டு வச்சிருக்கீங்கள்ல, அந்த மாதிரி எடுங்க."

அவள் கேட்டபடி எடுத்தான்.

விழாவுக்கு முந்தின நாள் அது. வேறு வழியில்லாமல் சுரண்டிய படத்தையே கொண்டுபோனான். கலியாணசுந்தரம் அதைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"பாத்தியா! அடுப்புகிட்ட நிக்கிறா, ஒரு பொட்டு அழுக்கு இல்ல. நம்ம சனம்னா இப்படித்தான் காட்டணும்."

"ஐயா, அதுல புகை இருந்துச்சு. நான்தான் சுரண்டிட்டேன்."

"நல்ல வேலை பண்ணினே."

"படம் செத்துப்போச்சுங்க ஐயா. மாட்டாதீங்க."

"உனக்கு என்னப்பா தெரியும்? இதுக்குத்தான் முதலிடம்" என்று சொல்லி, மேடை அனுமதி அட்டையை அவன் சட்டையில் குத்திவிட்டார். மாணிக்கவாசகம் அதைக் கழற்றவில்லை. அவன் அவ்வளவு பெரிய மனிதன் அல்ல.

மறுநாள் காலை திடலில் மேடைக்கு முன்னால் நின்று படமெடுத்தான். பேச்சுகள் நீண்டன. கூட்டம் கலைந்ததும் வேலையாட்கள் நாற்காலிகளை லாரியில் ஏற்றினார்கள். ஒரு நாற்காலி சரிந்து ஒருவர் காலில் விழுந்தது. அவர் காலைத் தேய்த்துக்கொண்டு மறுபடி தூக்கினார். மாணிக்கவாசகம் பக்கத்தில் போய் மிச்சமிருந்த படச்சுருளை அவர்கள்மேல் செலவழித்தான். அவன் யாரையும் நிற்கச் சொல்லவில்லை, யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மழை வந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு கடையில் ஒதுங்கித் தேநீர் குடித்தான். மழை விட்டதும் வீட்டுக்குப் போனான்.