கழிவு போக ஒரு மணி நேரம்

தெரணியகலைக்குப் போகும் பஸ் பழுதாகிவிட்டதால், எட்டு மாத மகளோடு தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் ஏறியிருக்கிறேன். நான்கு மணிக்குக் கட்டுநாயக்காவில் விமானம். சென்னையில் படிக்கும் என் கணவர் மகளை இன்னும் பார்த்ததில்லை. லொறியோ கீழே இறங்காமல் மேல் டிவிசனுக்கு ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிறது. நேற்றே புறப்பட்டிருக்க வேண்டுமோ?

"இன்னும் நேரமாகுமா அண்ணே?"

"இந்தப் பிளேன விட்டா நாளைக்கு இன்னொண்ணு வரும் டீச்சர். கொழுந்து வாடினா வாடினதுதான்," என்கிறார் கணக்கப்பிள்ளை, தராசிலிருந்து கண்ணெடுக்காமல். ஒவ்வொரு சாக்கிலும் ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழித்தே எழுதுகிறார். "மெட்ராசுக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி இருபது நிமிஷம்."

"ஈரத்துக்குப் பத்து, சாக்குக்குப் பத்து. ஒரு மணின்னு வைங்க."

வரிசையில் நிற்கும் பெண்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள்.

"எங்க கொழுந்துல கழிச்சது போதாதுன்னு ஆகாசத்துலயும் கழிக்கிறாரு பாருங்கடி!"

"கழிச்ச இருபது நிமிஷத்த டீச்சருக்கே குடுத்துருங்க ஐயா!"

மகளும் எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறாள். கணக்கப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிடுகிறது. எங்களை அனுப்பினால் போதுமென்று, மிச்சமிருக்கும் சாக்குகளை எதையும் கழிக்காமல் மளமளவென்று எழுதி முடிக்கிறார்.

லொறி ஒருவழியாகக் கீழே இறங்குகிறது. பின்னால் ஒருத்தி கூவுகிறாள்:

"நாளைக்கும் பிளேனுக்குப் போங்க டீச்சர்!"