பாட்டுப்பெட்டி வீட்டுச் சம்பந்தம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு, மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டதோடு சரி. தினமும் காலையில் குடல் கழுவுகிற கை இது. கழுவி முடித்த கையோடு எட்டு இட்லி இறக்குவேன். அப்பேர்ப்பட்ட வயிற்றையே புரட்டிவிட்ட வீடு ஒன்று ராஜபாளையத்தில் இருக்கிறது.

என் தங்கச்சி மகளுக்கு அந்த வீட்டிலிருந்து வரன் வந்தது. தங்கச்சி புருஷன் ராணுவத்தில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் நான்தான் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி, இடம் பிடித்திருந்தால் அங்கே சாப்பிட்டு வருவோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிட வேண்டும்.

“அண்ணே, நல்லா விசாரிச்சுட்டு கை நனை. இலையக் கண்டதும் உக்காந்துராத” என்றாள் தங்கச்சி. என் வயிற்றின் யோக்கியதை அவளுக்குத் தெரியும்.

அவள் மகள் சிரித்தாள். “மாமா, நீங்க சாப்பிட்டு வந்தா நான் கழுத்த நீட்டிருவேன்.”

என்னை நம்பி ஒரு பிள்ளை கழுத்தை வைத்திருக்கிறது என்று நினைத்தபோதே எனக்கு வேர்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, நானும் என் பொண்டாட்டியும் பால்கோவா வாங்கிக்கொண்டு போனோம். மாப்பிள்ளையின் அப்பா மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தானாகப் பாடுகிற பழைய வெளிநாட்டுப் பெட்டிகள். வாசலில் ‘மியூசியம்’ என்று போர்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்ச்சனம் வந்து பார்க்குமாம்.

முதலில் ஒரு கூண்டுக் குருவியைக் காட்டினார். “நெசக் குருவி. குடல எடுத்துட்டு உள்ள மெஷின் வச்சிருக்கான்.”

குடல் எடுப்பது என் தொழில். ஆனால் எடுத்த பிறகு ஆட்டை நான் பாடச் சொன்னதில்லை. சாவி கொடுத்தார். பூச்சி அரித்த இறக்கை நடுங்கியது. அலகு திறந்தது. பாட்டு வருமுன் கரப்பான் பூச்சி வந்தது. அவர் அதை விரலால் சுண்டிவிட்டு, அதே விரலை நாக்கில் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்து, விசிறி வீசும் ஒரு பொம்மைப் பெண். இடுப்பு வரைக்கும் முடி.

“பழைய முடி கொட்டிப்போச்சு. எங்க வீட்டம்மாவுக்குத் தல சீவுறப்ப உதிருதுல்லா, அதச் சேத்துவச்சு நானே ஒட்டிட்டேன்” என்றார்.

பொம்மை தலையை ஆட்டியது. நரைத்த முடி ஒன்று மிதந்து வந்து என் சட்டையில் உட்கார்ந்தது. பொண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாள்: “நம்ம குடல் சட்டியே தேவல.”

கடைசியாக ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி. பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே காற்றடித்துக் குழல்கள் பாடும். அவர் குரல் கொடுக்க, அடுக்களையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். வலது மணிக்கட்டு வீங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை செல்போனைத் தூக்கிப் பிடித்தான். “ம்மா, ஒரே வேகமாச் சுத்து. தாளம் போகுது பாரு. வீடியோ எடுக்கேன்ல.”

அந்தம்மா கையை மாற்றிக்கொண்டார்.

“செத்த நேரம் நிப்பாட்டச் சொல்லுங்க. மதினிக்குக் கை வீங்கிருக்கு” என்றாள் என் பொண்டாட்டி.

“அவளுக்குப் பழகிருச்சு. இங்க ஆட்டோமேட்டிக்கே அவதான்” என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அப்பா. “இனி மருமக வந்துட்டா இவளுக்கு ரெஸ்ட்டு.”

மாப்பிள்ளையும் சிரித்தான். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற என் வாயில் அன்றைக்கு உமிழ்நீர்தான் ஊறியது. அதுவும் வாந்திக்கு முன்னால் ஊறுகிற ரகம்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். இலை போட்டாயிற்று. அவர் நான் கொண்டுபோன பால்கோவாவைப் பிரித்தார். மெஷின் எண்ணெய் அப்பிய கறுத்த விரல்களால் ஒரு கட்டியைக் கிள்ளி என் வாய்க்கு நேரே நீட்டினார். “மொதல்ல இனிப்பு, சம்பந்தி!”

“இன்னைக்கு நான் விரதம்ங்க.”

“கறிக்கடக்காரருக்கு ஞாயித்துக்கெழம விரதமா?”

“பாவம் எக்கச்சக்கமாச் சேந்துபோச்சுங்க. இவளும் எங்கூட விரதம்” என்று எழுந்தேன். அந்தம்மா என்னையும் என் பொண்டாட்டியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு இடக்கையால் இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தெரு முனைக்கு வருவதற்குள் தங்கச்சி போன் போட்டாள். “சாப்பிட்டியா அண்ணே?”

“இல்லத்தா.”

“சொந்த வீடு, ஒத்த மகன். அப்படி என்ன கொறையக் கண்ட? பிள்ளையோட அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்ல?”

“அங்க எல்லாம் தானா ஓடுதாம். யாரு ஓட்டுதான்னு பாத்தா பொம்பளையாளு. அடுத்து ஓட்டுறதுக்கு நம்ம பிள்ளையக் கேக்கான்.”

“சரி, அவியகிட்டயும் பிள்ளைகிட்டயும் நான் சொல்லிக்கிடுதேன். நீ மொதல்ல வயித்துக்கு எதையாச்சும் போடு.”

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புரோட்டா வாங்கினேன். பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். உள்ளே போகவில்லை. என் பொண்டாட்டி தன் பங்கை முடித்துவிட்டு என் இலையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.