முதல் பதிப்பில் திறந்த வாசல்

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா கேசரி கொண்டுவந்து வைத்த நேரத்தில்தான் பேச்சு ஒரு கணினி விளையாட்டின் பக்கம் திரும்பியது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கணக்கர் வேலைக்குப் படிக்க உதவும் என்று அப்பா அக்காவுக்கு வாங்கித் தந்த கணினி, தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையிலேயே இருந்தது. பக்கத்தில் கிடந்த டிஸ்கெட்டின் மேல் அக்கா எழுதியிருந்த விளையாட்டின் பெயரை மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

“இத நீங்களா விளையாடுறீங்க?”

“ஆமா. ஆத்துப் பாலத்தத் தாண்டிட்டேன்.”

“அங்க உங்க கூட்டத்து மருத்துவச்சி செத்ததும் ரொம்பக் கஷ்டமா போயிருக்குமே?”

“சாகலையே. கூட்டத்துல நாலு பேரும் தாண்டிட்டோம்.”

அவர் சிரித்தார். “முடியாதுலா. பாலத்துக் காவலன் ஒரு ஆள புடிச்சி வச்சிக்குவான். அந்த ஆளு செத்துத்தான் போகும். நான் எல்லா வழியும் பாத்துட்டேன். சும்மா சொல்லாதீங்க.”

அவருடைய அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். “என்ன தம்பி, பொண்ணு பொய் சொல்லுதா?”

மாப்பிள்ளை இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அக்கா எழுந்தாள். பட்டுப்புடவையோடு போய்க் கணினியைப் போட்டாள்.

“இப்ப எதுக்கும்மா அது?” என்றார் அப்பா. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த விளையாட்டின் லட்சணம் எனக்குத் தெரியும். நான் அவளுடைய தங்கை; பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓட்டை உடைசல் மாதிரிதான் அது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். அன்றும் காவலனிடம் போய் நின்றதும் உறைந்தது. அக்கா விசையைத் தட்டினாள். எதுவும் அசையவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். டிஸ்கெட் கரகரவென்று சுற்றியது. அவள் கழுத்தில் வியர்வை இறங்கியதை நான் பார்த்தேன். இந்த முறை காவலனிடம் பேசுவதற்கு முன், மருத்துவச்சியின் கையிலிருந்த கோல், பை எல்லாவற்றையும் கீழே போட வைத்தாள். வெறுங்கையோடு நிற்பவளைக் காவலன் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை; பிடித்து வைப்பதும் இல்லை. விளையாட்டைச் செய்தவர்கள் விட்ட பிழை அது. அக்கா தானே தட்டித் தடவிக் கண்டுபிடித்திருந்தாள்.

காவலன் பேசினான். கதவு திறந்தது. நான்கு உருவங்களும் பாலத்தில் நடந்தன.

மாப்பிள்ளை எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். “ஆரம்பத்துக்குப் போங்க,” என்றார். தொடக்கத் திரையின் ஓரத்தில் இருந்த பதிப்பு எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இது மொத பதிப்பு. என்னுது அதுக்கப்புறம் வந்தது. பிழையத் திருத்தும்போது இந்த வழியையும் சேத்து அடைச்சிட்டானுங்க போல.” பிறகு தம் அம்மாவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: “அவங்க சொன்னது உண்மைதான்மா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்.”

“நெனச்சதோட விடலையே. எல்லார் முன்னாலயும் சொன்னீங்க,” என்றாள் அக்கா.

அவர்கள் விடைபெற்றுப் போன பிறகு, அக்கா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். “அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?” என்று அப்பா கேட்டதற்கு, “யோசிக்கணும்பா” என்றாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் இயல்பாகப் பேசிக்கொள்ளவில்லை. தொலைபேசி அடித்தால் அம்மா பதறுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மட்டும் அக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தார், தம்முடைய டிஸ்கெட்டோடு. “அங்கிள், அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அவங்கள அவமானப்படுத்திட்டேன். அதான் உங்க முன்னாலயே மன்னிப்புக் கேட்க வந்தேன்,” என்றார். அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் கணினியின் முன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவருடைய பதிப்பை ஓட்டினார்கள். மருத்துவச்சியின் கையைக் காலியாக்கிப் பார்த்தும் பலிக்கவில்லை. காவலன் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டான்.

“இதத் தாண்டி எப்படித்தான் விளையாடுனீங்க?” என்று அக்கா கோபமாகக் கேட்டாள்.

“அவ செத்ததும் ரெண்டு நாள் தொடவே இல்ல,” என்றார் அவர். “சோறும் சரியா எறங்கல.”

அக்கா சிரித்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, அப்போதுதான் மூச்சு விட்டதுபோல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.